கடையில் கிடைக்கும் ஊதாக் கல் பர்ப்யூரைட்தானா? அது எங்கே, எப்படி உருவாகிறது?

கேள்வி இதுதான்: நமீபியாவிலிருந்து வந்தது, ‘பர்ப்யூரைட்’ என்று சீட்டு ஒட்டிய ஆழ்ந்த ஊதா நிறக் கல். இந்த நிறம் இயற்கையானதா, இது எந்தப் பாறையில் உருவாகிறது, இதே போன்ற கல்லைச் சிலர் ‘ஹெட்டரோசைட்’ என்று விற்கிறார்களே, எந்தப் பெயர் சரி?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிறம் இயற்கையானது. ஆனால் மேற்பரப்பு முழுக்கப் பளிச்சென்று ஒரே சீராகத் தெரிகிறது என்றால், பெரும்பாலும் அமிலத்தில் கழுவியிருப்பார்கள். உருவாகும் இடம் லித்தியம் மிகுந்த கிரானைட் பெக்மடைட், அதாவது கிரானைட் குழம்பின் கடைசி மிச்சம் பெரும் படிகங்களாக உறைந்த பாறை. பெயரைக் கண்ணால் பார்த்துச் சொல்ல வழியே இல்லை. உள்ளே மாங்கனீசு அதிகமா, இரும்பு அதிகமா என்று அளந்துதான் சொல்ல வேண்டும். அளக்காமல் ஊகித்துச் சொல்லச் சொன்னால், ஹெட்டரோசைட் என்றுதான் சொல்வேன். உண்மையான பர்ப்யூரைட் ஏன் அவ்வளவு அரிது என்பதில்தான் இந்தக் கனிமத்தின் கதை முழுக்க இருக்கிறது. ஆகவே அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

பர்ப்யூரைட் என்பது மாங்கனீசு பாஸ்பேட். அதிலுள்ள மாங்கனீசு +3 நிலையில், அதாவது மூன்று எலக்ட்ரான்களை இழந்த நிலையில் இருக்கிறது. ஒரு மாங்கனீசுக்கு ஒரு பாஸ்பேட், அவ்வளவுதான். லித்தியமும் இல்லை, நீரும் இல்லை. முற்றிலும் தூயது என்று வைத்துக்கொண்டால், ஆக்சைடு கணக்கில் மாங்கனீசு ஆக்சைடு 52.7 விழுக்காடு, மீதி 47.3 விழுக்காடு பாஸ்பரஸ் பென்டாக்சைடு. இயற்கையில் இப்படித் தூயதாகக் கிடைப்பதில்லை, இரும்பு கலந்தே இருக்கும். மாங்கனீசைவிட இரும்பு அதிகமானால் அதே படிக அமைப்புக்குப் பெயர் ஹெட்டரோசைட். இரண்டும் ஒரே தொடரின் இரு முனைகள், கோடு பாதியில் விழுகிறது.

இரண்டில் முதலில் பெயர் பெற்றது ஹெட்டரோசைட். 1820-களிலேயே பிரான்சின் லிமூசின் பகுதியிலிருந்து விவரிக்கப்பட்டது. பர்ப்யூரைட் 1905-இல்தான் வந்தது. அமெரிக்காவின் வட கரோலினாவில் கிங்ஸ் மவுண்டன் பக்கம் உள்ள ஃபேர்ஸ் சுரங்கத்திலிருந்து எடுத்த மாதிரியை வைத்து கிராட்டன், ஷாலர் என்ற இருவர் விவரித்தார்கள். நிறத்தை வைத்தே பெயர். அவர்கள் இதை நீர் சேர்ந்த பாஸ்பேட் என்று கருதினார்கள், ஏனென்றால் பகுப்பாய்வில் நீர் வந்தது. பிற்காலத்தில் படிக அமைப்பு தெளிவானபோது அதில் நீருக்கு இடமே இல்லை என்று தெரிந்தது. நுண்விரிசல்களில் தங்கிய ஈரமும், சிதைந்து போன பகுதியும்தான் அந்த நீருக்குக் காரணம். இன்றைக்கும் சுத்தமாகப் பொறுக்கி எடுக்காத மாதிரியை ஆய்வுக்கு அனுப்பினால் இதே குழப்பம் வரும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். பர்ப்யூரைட் எந்த உருகிய குழம்பிலிருந்தும் நேராகப் படிகமாவதில்லை. அது இன்னொரு கனிமத்தின் மிச்சம். அந்தத் தாய்க் கனிமம் லித்தியோஃபிலைட், அதாவது லித்தியம் மாங்கனீசு பாஸ்பேட். 1878-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிராஞ்ச்வில் பெக்மடைட்டிலிருந்து பிரஷ்ஷும் டானாவும் இதை விவரித்தார்கள். இதன் இரும்பு வகை டிரிஃபிலைட். அது ஹெட்டரோசைட்டின் தாய்.

கிரானைட் குழம்பு பெரும்பகுதி உறைந்த பிறகு, படிகங்களில் இடம் கிடைக்காத தனிமங்களெல்லாம் மிச்சக் குழம்பில் சேர்ந்துகொண்டே போகும். லித்தியம், சீசியம், டாண்டலம், பெரிலியம், பாஸ்பரஸ், ஃபுளோரின், நீர் ஆகியவை அப்படிச் சேர்பவை. அந்த மிச்சம் சுற்றியுள்ள பாறையின் பிளவுகளில் புகுந்து, பெரும் பெரும் படிகங்களாக உறைந்ததுதான் பெக்மடைட். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அடுக்கு அடுக்காக உறையும்: வெளியே நுண்ணிய ஓரம், பிறகு ஃபெல்ட்ஸ்பாரும் மைக்காவும் நிறைந்த சுவர்ப்பகுதி, இடைப்பகுதிகள், நடுவில் குவார்ட்ஸ் மையம். லித்தியம் பாஸ்பேட் உருண்டைகள் பெரும்பாலும் இடைப்பகுதியிலும், குவார்ட்ஸ் மையத்தின் விளிம்பிலும் உட்கார்ந்திருக்கும். அளவு சில சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேல்.

குழம்பு முதிர முதிர இரும்பு குறைந்து மாங்கனீசின் பங்கு ஏறும். இரும்பை டூர்மலின், கார்னெட், மைக்கா போன்றவை முன்னாலேயே எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன. ஆகவே பெரில் என்ற பெரிலியக் கனிமம் மட்டும் உள்ள, அவ்வளவாக முதிராத பெக்மடைட்டில் டிரிஃபிலைட் வரும். ஸ்பாடுமின், லெபிடோலைட் என்ற லித்தியக் கனிமங்களும் நிற டூர்மலினும் எல்லாம் உள்ள முதிர்ந்த பெக்மடைட்டில்தான் மாங்கனீசு மிகுந்த லித்தியோஃபிலைட் வரும். தாயே அரிதான இடத்தில்தான் பிறக்கிறது. பர்ப்யூரைட் அரிதாக இருப்பதற்கு இது முதல் காரணம். இதையே திருப்பிப் பயன்படுத்தலாம்: சுரங்கக் குப்பைமேட்டில் ஒரு ஊதாத் துண்டு கிடைத்து, அதில் மாங்கனீசுதான் அதிகம் என்று அளந்து தெரிந்தால், அந்த பெக்மடைட் நன்றாக முதிர்ந்தது என்று சொல்லலாம். அங்கே டாண்டலமும் சீசியமும் தேடிப் பார்ப்பது வீண் வேலையாகாது.

அடுத்தது மாற்றம். லித்தியோஃபிலைட்டின் படிகச் சட்டகத்தில் லித்தியம் அணுக்கள் ஒரே திசையில் ஓடும் வரிசைகளில் இருக்கின்றன. ஆக்சிஜன் உள்ள நீர் வந்து சேரும்போது மாங்கனீசு ஒரு எலக்ட்ரானை இழக்கிறது. மின்னேற்றம் சமன்பட வேண்டும் என்பதால் ஒரு லித்தியம் வரிசை வழியே வெளியேறுகிறது. சட்டகம் உடைவதில்லை. சுவரும் தூணும் நிற்க, குடியிருந்தவர் மட்டும் காலி செய்துவிட்டுப் போன வீடு போல மிஞ்சுவதுதான் பர்ப்யூரைட். அதனால்தான் தாய்ப் படிகத்தின் பிளவுத் திசைகள் அப்படியே மகளிலும் இருக்கின்றன. எடையில் 4.4 விழுக்காடுதான் குறைகிறது. ஆனால் கன அளவு ஒன்பது, பத்து விழுக்காடு சுருங்குகிறது. இந்தச் சுருக்கத்தால் கல் முழுக்க நுண்விரிசல் விழுகிறது. கையில் எடுத்தால் நொறுங்குவதற்கும் உடைந்த முகம் பட்டுத்துணி போல மங்கலாக மிளிர்வதற்கும் இதில் பெரும் பங்கு உண்டு. அடர்த்தியும் இதையே காட்டும்: படிக அளவுகளிலிருந்து கணக்கிட்டால் 3.65 வர வேண்டும், தராசில் நிறுத்தால் 3.2 முதல் 3.4 வரைதான் வரும்.

மாற்றம் ஒரே எட்டில் முடிவதில்லை. சுவீடனில் வாருட்ரெஸ்க் பெக்மடைட்டை ஆராய்ந்த பெர்சி குவென்செலும், பிறகு பிரையன் மேசனும் 1930-களின் பிற்பகுதியிலும் 1941-இலும் இதை ஒழுங்காக வகுத்தார்கள். இன்றும் குவென்செல்–மேசன் தொடர் என்றே பெயர். இரும்பு எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும், மாங்கனீசு கடினமாக அடையும். ஆகவே முதல் கட்டத்தில் இரும்பு மட்டும் +3 ஆகும், மாங்கனீசு +2 ஆகவே இருக்கும், லித்தியத்தில் ஒரு பகுதி போகும். அந்த இடைநிலைக் கனிமத்துக்கு மாங்கனீசு பக்கம் சிக்லெரைட் என்றும், இரும்பு பக்கம் ஃபெர்ரிசிக்லெரைட் என்றும் பெயர். இரண்டாம் கட்டத்தில்தான் மாங்கனீசு +3 ஆகி, மீதி லித்தியமும் போய், ஊதா பிறக்கும். சிக்லெரைட் வரை நிறம் பழுப்புதான். ஊதாவுக்குக் காரணம் மாங்கனீசு +3. ஆய்வகத்தில் லித்தியம் நீக்கிய தூய இரும்பு பாஸ்பேட் வெளிறிய நிறத்தில்தான் இருக்கும். இயற்கை ஹெட்டரோசைட் ஊதாவாக இருப்பதும் அதில் கலந்திருக்கும் மாங்கனீசால்தான்.

இப்போது ஒரு சிறு கணக்கு. உலோக அணுக்களில் 80 விழுக்காடு இரும்பு, 20 விழுக்காடு மாங்கனீசு உள்ள டிரிஃபிலைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பு முழுக்க ஆக்சிஜனேற்றம் ஆனதும் லித்தியத்தில் 80 விழுக்காடு போய்விட்டது, இனி 20தான் மிச்சம். இலக்கு கிட்டத்தில் இருக்கிறது. மாறாக 30 விழுக்காடு இரும்பு, 70 விழுக்காடு மாங்கனீசு உள்ள லித்தியோஃபிலைட்டில், இரும்பு முடிந்த பிறகும் லித்தியம் 70 விழுக்காடு உள்ளேயே இருக்கிறது. அதை வெளியேற்ற அந்த 70 விழுக்காடு மாங்கனீசையும் +3 ஆக்க வேண்டும். அவ்வளவு வலுவான ஆக்சிஜனேற்றச் சூழல் எங்கும் இருப்பதில்லை. ஆகவே மாங்கனீசு மிகுந்த உருண்டைகள் பாதி வழியில், பழுப்பிலேயே நின்றுவிடுகின்றன. அல்லது வேறு பாதையில் திரும்பிவிடுகின்றன. ஊதா வரை போய்ச் சேர்ந்தவை பெரும்பாலும் இரும்பு மிகுந்தவை. கடைக்கல் ஹெட்டரோசைட்டாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று நான் மேலே சொன்னதற்கு இதுதான் அடிப்படை.

மாங்கனீசு எவ்வளவு கடினம் என்பதற்கு எண்ணே கிடைத்திருக்கிறது, அதுவும் எதிர்பாராத பக்கத்திலிருந்து. மின்சார வண்டிகளில் உள்ள இரும்பு பாஸ்பேட் பேட்டரியின் நேர்முனைப் பொருளும் டிரிஃபிலைட்டும் ஒரே அமைப்பு. பேட்டரியைச் சார்ஜ் செய்யும்போது நடப்பது டிரிஃபிலைட் ஹெட்டரோசைட் ஆவதுதான். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அக்ஷய பாதி, நஞ்சுண்டசாமி, குடினஃப் ஆகிய மூவர் 1997-இல் வெளியிட்ட கட்டுரை இந்தப் பொருளை அறிமுகம் செய்தது. லித்தியம் உலோகத்தோடு ஒப்பிட்டு அளந்தால் இரும்பு வகைக்குச் சுமார் 3.45 வோல்ட், மாங்கனீசு வகைக்குச் சுமார் 4.1 வோல்ட். இயற்கையில் சார்ஜர் வேலையைச் செய்வது நீரில் கரைந்த காற்று. நடுநிலை நீரில், அதாவது பிஎச் 7-இல், ஆக்சிஜனின் வலுவை இதே அளவுகோலுக்கு மாற்றினால் ஏறக்குறைய 3.86 வோல்ட் வரும். இரும்புக்கு அது தாராளம். மாங்கனீசுக்குப் போதாது.

போதாது என்றால் பர்ப்யூரைட் எப்படித்தான் வந்தது? அந்த 4.1 வோல்ட் என்பது நீரில் லித்தியம் நிறையக் கரைந்திருக்கும் நிலைக்கான எண். சுற்றியுள்ள நீரில் லித்தியம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் ஒவ்வொரு முறையும் தேவை 0.059 வோல்ட் இறங்கும். கணக்குப் போட்டால், லிட்டருக்குச் சுமார் 0.7 மில்லிகிராமுக்குக் கீழே லித்தியம் உள்ள, காற்றோட்டமான நீர் கிடைத்தால் பிஎச் 7-இலும் மாங்கனீசு ஆக்சிஜனேற்றம் நடக்க முடியும். நீர் கொஞ்சம் அமிலத்தன்மை கொண்டதாக இருந்தால் இன்னும் எளிது: பிஎச் ஒன்று குறைந்தால் இந்த வரம்பு பத்து மடங்கு தளரும். இது தோராயக் கணக்குதான், வினையின் வேகத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஆனால் கள நிலைமையோடு நன்றாகப் பொருந்துகிறது. தேங்கி நிற்கும் நீரில் வெளியேறிய லித்தியம் அங்கேயே தங்கி வினையை நிறுத்திவிடும். தொடர்ந்து ஓடி, லித்தியத்தை அடித்துக்கொண்டு போகும் நீர் வேண்டும். அதனால்தான் விரிசல் விட்ட பெக்மடைட்டின் மேற்பகுதியிலும், உருண்டையின் வெளி ஓரத்திலும், பிளவுகளை ஒட்டியும் ஊதா கிடைக்கிறது; உருண்டையின் நடுவில் தாய்க் கனிமம் அப்படியே மிஞ்சியிருக்கிறது. இந்த வேலையை மழைநீர் மட்டும்தான் செய்கிறது என்று சொல்லிவிடக் கூடாது. பெக்மடைட் குளிரும் காலத்தின் கடைசியில் ஓடும் வெந்நீர்க் கரைசல்களும் ஆக்சிஜனேற்றத்தைத் தொடங்கி வைக்கும். வாருட்ரெஸ்க் ஆய்வுகளின் காலத்திலிருந்தே இரு பக்கமும் வாதம் உண்டு. இடத்துக்கு இடம் விடை மாறும் என்பதுதான் நியாயமான நிலைப்பாடு.

ஊதாவோடும் கதை நிற்பதில்லை. மாங்கனீசு +3 நீரில் நிலையற்றது. இரண்டு +3 அணுக்கள் சேர்ந்து ஒன்று +2 ஆகக் கரைந்து போகும், மற்றொன்று +4 ஆகிக் கறுப்பு ஆக்சைடாகப் படியும். சுரங்கத்திலிருந்து எடுத்த கல் கறுத்த தோலோடு வருவது இதனால்தான். இன்னும் முற்றினால் ஊதா முழுவதும் போய்க் கறுப்பு மண்ணும், இரும்பு பக்கம் ஸ்ட்ரெங்கைட், ஃபாஸ்ஃபோசிடரைட் போன்ற நீர் சேர்ந்த பாஸ்பேட்களும் மிஞ்சும். அதாவது போதுமான ஆக்சிஜனேற்றமும் வேண்டும், அளவு மிஞ்சவும் கூடாது.

வேறு பாதைகளும் உண்டு என்றேன். ஆக்சிஜன் இல்லாத வெந்நீர் முந்திக்கொண்டால் லித்தியோஃபிலைட் ஹூரோலைட், ரெடிங்கைட், ஃபேர்ஃபீல்டைட் போன்ற இளஞ்சிவப்பு அல்லது வெளிறிய நீர்ப் பாஸ்பேட்களாக மாறும்; பிறகு ஊதா வர வழியில்லை. சோடியம் மிகுந்த கரைசல் நுழைந்தால் அல்லுவாடைட் என்ற சோடியம் பாஸ்பேட் வரும். நமீபியாவின் ட்சாவோபிஸ்மண்ட் பெக்மடைட் இதற்கு நன்கு ஆராயப்பட்ட உதாரணம். கரும்பச்சை கலந்த பழுப்பு நிறத் திரளாக இருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் கறுப்பு உருண்டைதான். தேடுபவர்களை அதிகம் ஏமாற்றுவது இதுவே.

கிடைக்கும் இடங்களில் முதலில் நினைவுக்கு வருவது நமீபியாவின் எரோங்கோ பகுதி: உசாகோஸ், கரிபிப் ஊர்களைச் சுற்றியுள்ள பெக்மடைட்கள், குறிப்பாகச் சாண்டமாப். சந்தையில் உள்ள ஊதாத் துண்டுகளுக்குப் பெரும்பாலும் இந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். அமெரிக்காவில் கிங்ஸ் மவுண்டனைத் தவிர, தென் டகோட்டாவின் கஸ்டர் வட்டாரம், நியூ ஹாம்ப்ஷயரின் பலெர்மோ சுரங்கம், கலிஃபோர்னியாவின் பாலா வட்டாரம். 1912-இல் சிக்லெரைட்டை ஷாலர் விவரித்தது பாலா மாதிரிகளிலிருந்துதான். ஐரோப்பாவில் வாருட்ரெஸ்க், லிமூசின், போர்ச்சுகலின் மங்குவால்டே. இவற்றில் பல இடங்களில் ஹெட்டரோசைட்டும் பர்ப்யூரைட்டும் கலந்தே பேசப்படுகின்றன. இடப்பெயர் சரியாக இருந்தாலும் கனிமப் பெயர் உறுதியாகிவிடாது.

கையில் உள்ள கல்லுக்கு வருவோம். வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளில் உறுதியானது கோட்டு நிறம். மெருகில்லாத வெள்ளைப் பீங்கான் ஓட்டில் (குளியலறை ஓட்டின் பின்புறம் போதும்) கல்லின் உடைந்த உள்முகத்தைத் தேய்த்தால் செவ்வூதாக் கோடு விழ வேண்டும். வெள்ளைக் கோடு விழுந்தால் இது அல்ல: ஃபுளோரைட், செவ்வந்திக்கல், லெபிடோலைட், ஃபாஸ்ஃபோசிடரைட் எல்லாம் வெள்ளைக் கோடுதான். பழுப்புக் கோடு என்றால் சிக்லெரைட் வகை; கருமையான கோடு என்றால் நீங்கள் தேய்த்தது ஆக்சைடுத் தோலை, இன்னும் உள்ளே போங்கள். கடினத்தன்மை மோ அளவில் 4 முதல் 4.5, பேனாக்கத்தி கீறும். கத்தி கீறவே இல்லை என்றால் சூகிலைட் அல்லது சாரோயிட் பக்கம் பாருங்கள், இரண்டும் ஊதாதான், ஆனால் நல்ல கடினம். சாயம் ஏற்றிய கல் என்று சந்தேகம் இருந்தால் அசிட்டோன் தோய்த்த பஞ்சால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். பஞ்சில் தூள் ஒட்டுவது இயல்பு, கல் அவ்வளவு மிருது. ஈரமான சாயக்கறையாகப் பரவினால்தான் கவலை.

அமிலம் பட்டதா என்று அறிய உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். 10 மடங்கு போதுமானது. இயற்கையான முகத்தில் ஊதா திட்டுத்திட்டாக இருக்கும், விரிசல் ஓரங்களில் கறுப்பும் பழுப்பும் ஓடும். அமிலத்தில் கழுவிய கல்லில் விரிசலின் உள் ஓரம்கூடச் சுத்தமாக இருக்கும், முகம் சற்றே அரித்தது போலச் சொரசொரக்கும். இது ஏமாற்று அல்ல. கறுப்புத் தோலை எடுக்காமல் இந்தக் கல்லில் நிறமே தெரியாது. சொல்லாமல் விற்பதுதான் குறை.

நீங்களே கழுவ நினைத்தால் கொஞ்சம் பொறுங்கள். வழக்கமாகப் பயன்படுத்துவது 5 முதல் 10 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலம். இதில் இரண்டு சிக்கல். ஒன்று, மாங்கனீசு +3, +4 இரண்டும் இந்த அமிலத்திலிருந்து குளோரின் வாயுவைக் கிளப்பும். மூடிய அறையில் செய்யவே கூடாது. திறந்தவெளி, கையுறை, கண்ணாடி கட்டாயம். இரண்டு, இந்தக் கனிமமே அந்த அமிலத்தில் எளிதாகக் கரையும். தோல் கரைந்த பிறகும் விட்டுவைத்தால் கல்லைத் தின்னத் தொடங்கும். ஆகவே முதலில் ஒரு சில்லை மட்டும் போட்டு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். போதும் என்று தோன்றியதும் நிறைய நீரில் அலசி, சமையல் சோடா கரைத்த நீரில் ஊறவைத்து, பிறகு நாள்தோறும் நீரை மாற்றி ஒரு வாரமாவது வையுங்கள். கல் நுண்விரிசல் நிறைந்தது, அமிலம் உள்ளே தங்கும். இதைச் சோம்பலில் விட்டவர்களின் பெட்டியில்தான் சில மாதங்களில் சீட்டு மஞ்சளாகி, பக்கத்துக் கல்லும் உலோகத் தாங்கியும் அரித்துப் போகின்றன. ஆக்சாலிக் அமிலம் மென்மையானது என்று சிலர் சொல்வார்கள். இரும்பு மிகுந்த பாஸ்பேட்டில் அது மஞ்சள் ஆக்சலேட் கறையை விட்டுச் செல்லும், பிறகு அதை எடுப்பது பெரும்பாடு. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பர்ப்யூரைட்டா ஹெட்டரோசைட்டா என்ற கேள்விக்குக் கோடும் கத்தியும் உதவாது. எக்ஸ்கதிர் விளிம்பு விளைவுப் படமும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. வேதியியல் அளவுதான் வழி. இதில் ஒரு வசதி: மாங்கனீசின் அணு எடை 54.94, இரும்பினுடையது 55.85. இரண்டும் ஏறத்தாழச் சமம் என்பதால் எடை விகிதத்தையே அணு விகிதமாக எடுத்துக்கொள்ளலாம். மாங்கனீசு அதிகமென்றால் பர்ப்யூரைட். பழைய உலோகம் வாங்குபவர்கள் வைத்திருக்கும் கைத்துப்பாக்கி வடிவ எக்ஸ்கதிர் கருவிகூட இதைக் காட்டும். ஆனால் மூன்று இடத்தில் தவறும். தோலின் மேல் வைத்து அளந்தால் மாங்கனீசு ஆக்சைடு சேர்ந்து எண் மாங்கனீசு பக்கம் சாயும். புதிதாக உடைத்த உள்முகத்தில் அளக்க வேண்டும். கருவி பார்க்கும் வட்டம் சில மில்லிமீட்டர் அகலம் என்பதால், விரிசலில் உள்ள துரு கலந்து இரும்பு கூடித் தெரியும். நான்கைந்து இடத்தில் அளந்து ஒப்பிடுங்கள். மூன்றாவது நுட்பமானது: மாங்கனீசின் இரண்டாம் எக்ஸ்கதிர்க் கோடு 6.49 கிலோ எலக்ட்ரான்வோல்ட், இரும்பின் முதல் கோடு 6.40. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். மென்பொருள் இதைச் சரியாகக் கழிக்காவிட்டால், நல்ல பர்ப்யூரைட்டிலும் இல்லாத இரும்பு தெரியும். விகிதம் பாதிக்கு அருகில் வந்தால் எலக்ட்ரான் நுண்கதிர் ஆய்வுக்கு அனுப்புங்கள். அந்தக் கருவிக்கும் வழக்கமாக லித்தியம் தெரியாது. சிக்லெரைட் மிச்சம் உண்டா என்று தெரிய வேண்டுமானால் ஒரு பகுதியைக் கரைத்துப் பிளாஸ்மா முறையில் லித்தியத்தைத் தனியாக அளக்க வேண்டும். ராமன் கருவியில் (லேசர் ஒளி சிதறுவதை வைத்துக் கனிமத்தை அடையாளம் காணும் கருவி) வைப்பவர்கள் லேசரின் வலுவை மிகக் குறைவாகத் தொடங்குங்கள். கருநிறக் கனிமம் சூடேறி, அளக்கும்போதே வேறாக மாறிவிடும்.

களத்தில் தேடுபவர்களுக்கு ஒரு வழி. கைவிடப்பட்ட பெக்மடைட் சுரங்கத்தின் குப்பைமேட்டில், வெள்ளை ஃபெல்ட்ஸ்பாருக்கும் குவார்ட்ஸுக்கும் நடுவில் பதிந்த கறுப்பு உருண்டைகளைப் பாருங்கள். சுற்றியுள்ள ஃபெல்ட்ஸ்பாரில் கறுப்புக் கறை கசிந்திருக்கும். டூர்மலினும் கறுப்புதான், ஆனால் அது கத்திக்கு மசியாது, கறையும் விடாது. கொலம்பைட் என்ற இன்னொரு கறுப்புக் கனிமம் அளவுக்கு மீறிக் கனக்கும், அடர்த்தி 5-க்கு மேல். உருண்டையைப் பாதியாக உடைத்தால் அடுக்கு தெரியும்: நடுவில் எண்ணெய் மிளிர்வுள்ள தேன்நிறம் அல்லது வெளிர் இளஞ்சிவப்பு லித்தியோஃபிலைட், அதைச் சுற்றிப் பழுப்பு, பிறகு ஊதா, வெளியே கறுப்பு. நடுப்பகுதி நீலச் சாம்பலாகவோ பச்சைச் சாம்பலாகவோ இருந்தால் டிரிஃபிலைட்டாக இருக்கலாம், ஊதா ஓரம் ஹெட்டரோசைட்டாகவே முடியும். இந்த அடுக்குகள் ஒன்றாக உள்ள துண்டைத் தனி ஊதாவுக்காக உடைக்காதீர்கள். கனிம மதிப்பு அந்த வரிசையில்தான் இருக்கிறது.

வைத்திருக்கும் முறையில் பெரிய சிரமம் இல்லை. உலர்ந்த காற்றில் நிறம் மாறாது. மீயொலித் தொட்டியில் போட்டால் நுண்விரிசல் வழியே உதிரும். வினிகர், எலுமிச்சை, துரு நீக்கி எதுவும் வேண்டாம். மெருகேற்றிய மணிக்கல்லாக விற்பவை பெரும்பாலும் பிசின் ஊட்டியவை; அவற்றைச் சூடாக்கக் கூடாது. அறுப்பதோ தேய்ப்பதோ நீர் ஊற்றியே செய்யுங்கள், துகள் வடிகட்டும் முகமூடியோடு. மாங்கனீசுத் தூளை நெடுங்காலம் சுவாசித்தால் நரம்பு மண்டலம் பாதிக்கப்படும் என்பது சுரங்கத் தொழிலாளர்களிடம் நன்கு அறியப்பட்ட ஒன்று. குடிநீரில் போட்டு வைத்தால் நல்லது என்று விற்கும் இடங்களும் உண்டு. மாங்கனீசும், சரியாக அலசாத அமிலமும் நீரில் இறங்கும் கல் அது, குடத்தில் போடாதீர்கள்.

சீட்டில் என்ன எழுதுவது என்று கேட்டால்: அளக்கும் வரை ‘ஹெட்டரோசைட்–பர்ப்யூரைட் தொடர்’ என்று எழுதுங்கள். கூடவே இடம், யாரிடம் வாங்கியது, அமிலத்தில் கழுவியதா என்ற மூன்றையும் குறியுங்கள். அளந்த பிறகு மாங்கனீசு–இரும்பு விகிதத்தை எண்ணாகவே சேர்த்துவிடுங்கள். அந்த எண் இருந்தால், கல்லைப் பின்னால் வாங்குபவர் மறுபடியும் உடைத்து அளக்க வேண்டியிருக்காது.